இயற்பியல் ஆசிரியை – உபயம்

'டமார்' என்று ஒரு சத்தம். பிரேயரில் நின்றிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பினார்கள். முன்வரிசையில் ஆறாம் வகுப்புக் குழந்தைகள் இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மைக்கில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தாள்.

மேடையில் நின்ற அறிவுமதியும் திரும்பினாள். சத்தம் வந்த திசை அவளுக்குத் தெரியும். போர்வெல் பக்கத்தில் இருந்த மோட்டார் அறைக் கதவிடுக்கிலிருந்து கரும்புகை மெல்ல எட்டிப் பார்த்தது.

"கூரை விழலை. அதுவரைக்கும் சந்தோஷம்," என்றார் பக்கத்தில் நின்ற விளையாட்டு ஆசிரியை.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு அறிவுமதி படியிறங்கி ஓடினாள்.

ஸ்ரீரங்கத்தின் அந்த அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிக்கு அறிவுமதி தலைமையாசிரியை இல்லை, 'பொறுப்பு' தலைமையாசிரியை. பொருளாதாரப் பாடம் நடத்த வந்தவள். இருந்தவர் ஓய்வுபெற்றுப் போனார், புதியவரை இன்னும் போடவில்லை, இருப்பவர்களில் சீனியர் என்பதால் சாவிக்கொத்து இவள் கைக்கு வந்தது. காலையில் லால்குடியில் பஸ் ஏறும்போதே அன்றைக்கு எது உடையும் என்று யோசித்துக்கொண்டே வருவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அவள் யோசிக்காத ஒன்றுதான் உடையும்.

மோட்டார் அறை வாசலில் அவளுக்கு முன்பே பெலிண்டா நின்றிருந்தாள். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வகுப்புக்கும் இயற்பியல் எடுப்பவள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மோட்டார் காயில் எரிஞ்சிருச்சு மேடம். வாசனையே சொல்லுது. புதுசா கம்பி சுத்தி ரீவைண்டிங் பண்ணாம இது ஓடாது."

"டேங்க்ல தண்ணி இருக்கா?"

"இன்டர்வெல் வரைக்கும் வரும். அதுக்கப்புறம் வராது."

பெண் குழந்தைகள் படிக்கிற பள்ளியில் கழிவறைக்குத் தண்ணீர் இல்லையென்றால் மத்தியானத்துக்கு மேல் பள்ளியை நடத்த முடியாது. அது அறிவுமதிக்கும் தெரியும், பெலிண்டாவுக்கும் தெரியும். அறிவுமதி கைபேசியை எடுத்துக்கொண்டு தன் அறைக்கு நடந்தாள்.

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் காஜா மைதீன் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். அம்மா மண்டபம் சாலையில் மெத்தைக் கடை வைத்திருப்பவர். கடைசி மகள் இங்கே ஒன்பதாவது படிக்கிறாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பேங்குக்குப் போய்ட்டுத்தான் வரேன் மேடம். நம்ம கழகத்து அக்கவுண்ட்டைப் பார்த்துட்டு மேனேஜர் என்னை உட்காரக்கூடச் சொல்லல."

"அவ்வளவு மோசமா?"

"ஒரே ஒரு தொகைதான் கிடக்கு. அதுவும் பெலிண்டா மிஸ் சம்பளத்துக்குன்னு ஒதுக்கினது."

அறிவுமதி மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரசு தருகிற ஆண்டு மானியத்தில் பாதிதான் வந்திருந்தது. வந்த பாதியைக் கரண்ட் பில் விழுங்கிவிட்டது. வகுப்புக்கு வகுப்பு பெரிய திரைகளும் மாடியில் கம்ப்யூட்டர்களும் தந்திருக்கிறார்கள், நல்ல பொருள்கள்தான். அவை குடிக்கிற கரண்டுக்கு மானியத்தில் தனியாக ஒரு வரி இல்லை. இரவுக் காவலுக்கு அரசு ஆள் போடாததால் வெளியாள் ஒருவர், அவருக்குப் பணம், கழிவறை கழுவுகிற அம்மாவுக்குப் பணம், ஏறிப்போன பினாயில் விலை, ஏறிப்போன சாக்பீஸ் விலை. எல்லாம் பெற்றோர் மனமுவந்து கொடுப்பதிலிருந்து போகவேண்டும். அவர்களோ பூக்கட்டுகிறவர்கள், சமையல் வேலைக்குப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள். மனம் உவந்தாலும் கை உவக்க வேண்டுமே.

இயற்பியலுக்கு அரசு ஆசிரியை ஒருவர் இருந்தார். மாறுதல் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனார். அந்த இடம் காலியாகவே கிடந்த வருடம், கணக்கு டீச்சரும் வேதியியல் டீச்சரும் மாற்றி மாற்றிப் பாடம் எடுத்து, அறிவியல் பிரிவில் பாதிப் பேர் இயற்பியலில் தோற்றார்கள். தேர்ச்சி ஆய்வுக் கூட்டத்தில் அறிவுமதியை எழுந்து நிற்கச் சொன்னார்கள். எல்லாப் பள்ளித் தலைமையாசிரியர்களும் பார்க்க, அவள் நின்றுகொண்டே இருந்தாள். காலி இடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் கழகத்தின் பணத்தில் பெலிண்டாவைத் தேடிப் பிடித்தாள். இந்த முறை பிளஸ் டூ காலாண்டில் ஒருத்திகூடத் தோற்கவில்லை.

"மோட்டாருக்குக் குடுத்துருங்க பாய்," என்றாள் அறிவுமதி.

"மிஸ்கிட்ட யார் சொல்றது?"

"நான்தான் சொல்லணும். வேற யாரு?"

பெலிண்டா ஆய்வகத்தில் இருந்தாள். சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"தண்ணிக்குன்னா எடுத்துக்கங்க மேடம். நானும் அதே பாத்ரூமுக்குத்தானே போறேன்."

"போன மாசமே பாதிதான் குடுத்தோம்."

"அதைத்தான் எங்க வீட்டுக்காரரும் கேட்டார். நீ ஸ்கூலுக்கு வேலைக்குப் போறியா, இல்ல காணிக்கை போடப் போறியான்னு." கணவன் ரஞ்சித் வாடகைக் கார் ஓட்டுகிறான், காருக்குத் தவணை கட்டி முடியவில்லை. பெலிண்டா தராசுத் தட்டைத் துடைத்து வைத்தாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். "எடமலைப்பட்டி புதூர்லயே ஒரு டியூஷன் சென்டர்ல கூப்பிடுறாங்க மேடம். எனக்கு வீட்டுல இருந்து நடக்கிற தூரம். இந்த மாசம் பார்ப்பேன். அதுக்கு மேல முடியாது. தப்பா நினைக்காதீங்க."

"பப்ளிக் வரைக்கும் இருங்க பெலிண்டா. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"நீங்க கும்பிட்டா என் கார்த் தவணை நிக்குமா மேடம்?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்கு வருந்தியவள்போல அவள் கையைத் தொட்டாள்.

வெளியே வரும்போது பிளஸ் டூ யாழினி தூண் ஓரமாக நின்றாள். தொட்டியம் பக்கத்துப் பெண். அப்பா வாழைத்தார் வெட்டுகிற கூலி. இங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஸ்கேன் சென்டரில் வேலை செய்கிற படிப்பு ஒன்று இருக்கிறதாம், அதில் சேர வேண்டும் என்று பெலிண்டாவிடம் கேட்டுக் கேட்டு விவரம் சேகரித்து வைத்திருக்கிறாள்.

"மிஸ், ஃபிசிக்ஸ் மிஸ் போயிடுவாங்களா?"

"ஒட்டுக் கேட்டியா?"

"இல்ல மிஸ். ஜன்னல் திறந்திருந்துச்சு."

"போக மாட்டாங்க. போய்ப் படி."

சொல்லிவிட்டாள். இனி அதை மெய்யாக்க வேண்டும்.

"உபயதாரர் ஒருத்தரைப் பிடிச்சாத்தான் ஆகும்," என்றார் அறையில் காத்திருந்த காஜா மைதீன்.

ஸ்ரீரங்கத்தில் அந்த வார்த்தைக்குத் தனி மதிப்பு. கோயிலில் தொடங்கிப் பள்ளிக்கூடம்வரை எதைப் பார்த்தாலும் அதில் ஒருவர் பெயர் இருக்கும். பள்ளியின் பெஞ்சுகளில் பெயர், கடிகாரத்தில் பெயர், டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்குப் பெயர். இறக்கை சுழன்றால் பெயர் தெரியாது என்று ஃபேனை நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போன உபயதாரர்கள் உண்டு. குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் மூன்று இருந்தன. மூன்றிலும் பெயர் இருந்தது. தண்ணீர்தான் வரவில்லை. பழுது பார்ப்பதற்கு உபயம் எழுத இடம் கிடையாதே. அதனால் அதைச் செய்ய யாரும் முன்வருவதில்லை.

காஜா மைதீன் சொன்ன மதுசூதனின் வீடு கீழச் சித்திரை வீதியில். ஆற்றோரமாக அடுக்குமாடி கட்டி விற்கிறவர். காலமான அவர் தாயார் பத்மாசனி அம்மாள் இந்தப் பள்ளியில் படித்தவர். சனிக்கிழமை மத்தியானம் அறிவுமதியும் காஜா மைதீனும் போனபோது, வாசலுக்கே வந்து கூப்பிட்டார்.

"வாங்கோ மேடம். பாய், வாங்கோ. நானே ஸ்கூலுக்கு வரணும்னு இருந்தேன். அம்மா போன ஆவணியில ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டா. வருஷாப்திகத் திதி வரதுக்குள்ள அவ பேர்ல ஏதாவது கைங்கர்யம் பண்ணணும்னு மனசு அடிச்சுக்கறது."

மனைவி மேகனா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். மதுசூதன் கைபேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பள்ளி வாசலுக்கு ஒரு அலங்கார வளைவு. இரண்டு பக்கமும் தூண், மேலே தாமரை, நடுவில் அம்மாவின் பெயர், இரவில் எரிய விளக்கு. அந்த வளைவுக்கு ஆகிற செலவில் பெலிண்டா தலை நரைக்கிற வரைக்கும் பாடம் நடத்தலாம் என்று அறிவுமதி நினைத்தாள். விளக்குக்கான கரண்ட் பில்லை யார் கட்டுவது என்றும் நினைத்தாள்.

"வளைவு ரொம்ப அழகா இருக்கு சார். ஆனா இப்போ அவசரம், ஒரு டீச்சர்."

"டீச்சரா?"

"ஃபிசிக்ஸ் டீச்சர். சம்பளம் குடுக்க முடியல. மார்ச்ல பிள்ளைங்களுக்குப் பப்ளிக்."

"சம்பளம் கவர்ன்மெண்ட் குடுக்காதோ?"

"ஆள் போட்டா குடுப்பாங்க. போடற வரைக்கும் நாங்கதான் பார்த்துக்கணும்."

மதுசூதன் சங்கடத்தோடு காபி டம்ளரை உருட்டினார். "தப்பா எடுத்துக்கப்படாது. சம்பளம்ங்கறது மாசம் முடிஞ்சா கரைஞ்சு போற சமாசாரம். நாளைக்கு என் பொண்ணு வந்து, பாட்டி பேர்ல என்னப்பா பண்ணினேன்னு கேட்டா எதைக் காட்டறது? பேர் நிக்கணுமோல்லியோ?"

கையைவிட்டுப் போகிறது என்று அறிவுமதிக்குத் தெரிந்தது. தூணோரம் நின்ற யாழினி கண்ணுக்குள் வந்தாள். எழுந்து போக வேண்டியதுதான் என்ற நேரத்தில் வாய் தானாகப் பேசியது.

"பேர் எழுதலாம் சார்."

"எதுல?"

"ஃபிசிக்ஸ் கிளாஸ் வாசல்ல. பெரிசா எழுதலாம்."

"என்னன்னு?"

பள்ளியில் தினமும் பார்க்கிற எழுத்துதானே. யோசிக்காமல் வந்தது. "இயற்பியல் ஆசிரியை, உபயம்னு போட்டு, அம்மா பேர்."

மதுசூதன் தனக்குள் ஒருமுறை அதைச் சொல்லிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வித்யா தானம். அதைவிட ஒசத்தி எது? அம்மா கேட்டா பூரிச்சுப் போயிருப்பா. இந்த வருஷம் முடியற வரைக்கும் நான் குடுத்துடறேன் மேடம். பெயிண்டரையும் நானே அனுப்பறேன்."

வீதிக்கு வந்ததும் காஜா மைதீன் ஸ்கூட்டரை உதைக்காமல் நின்றார்.

"நீங்க பொருளாதாரம் படிச்சவங்கன்னு இன்னைக்குத்தான் நம்புறேன் மேடம்."

"கிண்டலா?"

"இல்ல. ஆனா மிஸ்கிட்ட முதல்ல நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சுவர்ல பார்த்துத் தெரிஞ்சுக்கிற விஷயம் இல்ல இது."

"திங்கட்கிழமை காலையில முதல் வேலையே அதான்."

திங்கட்கிழமை காலையில் லால்குடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, உடனே திருச்சியில் ஆய்வுக் கூட்டத்துக்கு வரச்சொல்லி செய்தி வந்தது. சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி அப்படியே போய்விட்டாள். மின்சாரச் சிக்கனம் பற்றி ஒருவர் சாயங்காலம்வரை பேசினார். கூட்டம் நடந்த அறையில் ஏசி நடுங்க வைத்தது. அறிவுமதி பள்ளிக்குத் திரும்பியபோது கடைசி மணி அடிக்க இன்னும் கொஞ்சம் இருந்தது.

மாடிப்படியிலேயே பெயிண்ட் வாசனை வந்தது. மேலே பிள்ளைகள் கூடி நின்று சிரிக்கும் சத்தம். இவளைக் கண்டதும் கலைந்து ஓடினார்கள்.

வகுப்பு வாசலுக்கு மேலே மஞ்சள் கட்டம், நீல எழுத்து. ஃபேனிலும் பெஞ்சிலும் எழுதுகிறார்களே, அதே மாதிரி. 'இயற்பியல் ஆசிரியை – உபயம்: ஸ்ரீமதி பத்மாசனி அம்மாள் நினைவாக, மதுசூதன் – மேகனா குடும்பத்தார்.' ஓரத்தில் ஒரு சின்னத் தாமரை.

கதவை ஒட்டி பெலிண்டா நின்றிருந்தாள். தலைக்கு மேலே பெயிண்ட் இன்னும் காயவில்லை.

"பெலிண்டா, நான் காலையிலயே சொல்லணும்னு இருந்தேன். மீட்டிங் போட்டுட்டாங்க. சம்பளத்துக்கு வேற வழி தெரியல. அவர் பேர் நிக்கணும்னார். நான்..."

"சம்பளம் வந்துருமா மேடம்?"

"முதல் தேதி வந்துரும். பாக்கியும் சேர்த்து."

"அப்புறம் என்ன." பெலிண்டா அண்ணாந்து பார்த்தாள். "ஃபேனுக்கும் எனக்கும் ஒரே எழுத்து. ஃபேனுக்காவது அஞ்சு ஸ்பீடு இருக்கு."

அவள் சிரித்தாள். அறிவுமதிக்கு உயிர் வந்தது. அவளும் சிரித்தாள். நல்லவேளை, பெலிண்டா இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை என்று அன்றைக்கு பஸ்ஸில் கண்ணை மூடித் தூங்கினாள்.

திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து நடந்தது. எழுத்துக்கு மேலே பட்டுத் துணி போர்த்தி, மதுசூதன் கயிற்றை இழுத்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். பெலிண்டாவுக்கு ஒரு சால்வை போர்த்தி, எழுத்துக்குக் கீழே நிறுத்தினார்கள். ஒரு பக்கம் மதுசூதன், ஒரு பக்கம் மேகனா.

போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டுக் கையை ஆட்டினான். "மிஸ், கொஞ்சம் குனிஞ்சாப்ல நில்லுங்க. பேர் மறையுது."

பெலிண்டா குனிந்தாப்போல நின்றாள்.

படம் எடுத்து முடிந்ததும் எல்லோரும் கேசரி சாப்பிடக் கீழே போனார்கள். மேகனா மட்டும் போகவில்லை. "ஒரு கிளாஸ் பார்க்கலாமா?" என்று கேட்டாள். தில்லைநகரில் அவர்கள் குடும்ப அறக்கட்டளை ஒரு சிபிஎஸ்இ பள்ளி நடத்துகிறது. அதன் தாளாளர் அவள். அறிவுமதி சந்தோஷமாகக் கடைசி பெஞ்சில் இடம் போட்டுக் கொடுத்தாள்.

பெலிண்டா சால்வையை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, எரிந்துபோன மோட்டாரின் கம்பிச்சுருளைக் கையில் எடுத்தாள். மோட்டார் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். "இது யார் தெரியுதா? அன்னைக்கு நம்ம பிரேயரைக் கலைச்சவர்," என்று தொடங்கினாள். மின்சாரம் எப்படிக் காந்தமாகிறது, காந்தம் எப்படிச் சுழற்றுகிறது, ஒரு சுற்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே இருக்கிற காப்புப் பூச்சு உருகினால் என்ன ஆகும் என்று அந்தக் கரிக்கட்டையை வைத்துக்கொண்டே சொன்னாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து முகர்ந்து பார்த்தார்கள். யாழினி ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு பெலிண்டா பதில் சொல்லாமல் இன்னொரு கேள்வி கேட்டாள். யாழினி அதிலிருந்து தானே பதிலைப் பிடித்துவிட்டாள்.

மேகனா மணி அடிக்கிறவரை அசையவில்லை. "ரொம்ப நன்னா எடுக்கறா," என்றாள் வெளியே வரும்போது. அறிவுமதிக்குத் தானே பாராட்டப்பட்டது போலிருந்தது. "எங்க ஸ்கூலுக்கே கிடைச்ச பொக்கிஷம் மேடம்," என்று அறிவுமதி சொன்னாள்.

அடுத்த சில வாரங்கள் அறிவுமதிக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. முதல் தேதி பெலிண்டாவின் கணக்கில் பணம் ஏறியது. மோட்டார் ஓடியது. மாடியில் கூரைக் காரை பெயர்ந்த இடத்தில் பெஞ்சை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். நவம்பர் மழையில் அது கொஞ்சம் கூடுதலாகப் பெயர்ந்தது. பெஞ்சையும் கொஞ்சம் கூடுதலாக நகர்த்தினார்கள்.

ஒருநாள் வராந்தாவில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இன்னொருத்தியிடம் கத்தினாள்: "ஏய், உபயம் மிஸ் வராங்க, ஓடு." அறிவுமதி அவளைப் பிடித்துத் திட்டினாள். பின்னால் வந்த பெலிண்டா தடுத்தாள்.

"விடுங்க மேடம். சின்னப் பிள்ளைங்க. என் பேரைவிட அது சொல்லச் சுலபமா இருக்கு போல."

மார்கழி பிறந்ததும் கூட்டம் தொடங்கியது. மதுசூதனின் சொந்தக்காரர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பெருமாள் சேவைக்கு வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே பள்ளிக்கும் வந்து எழுத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். உபயதாரர் வீட்டார் என்பதால் அறிவுமதியே மாடிக்கு அழைத்துப் போனாள். ஒரு வயதான அம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த பெலிண்டாவைக் காட்டிக் கேட்டார்.

"பத்மாசனி பேர்ல இருக்கற டீச்சர் இவதானா?"

"ஆமாம்மா."

"நன்னா இருக்கா. பார்த்துக்கோங்கோ."

உள்ளே பெலிண்டாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. அறிவுமதி அதைக் கவனித்தாள். கவனித்ததை அப்புறம் நினைத்துப் பார்க்க நேரமில்லாமல் செய்துகொண்டாள். கரண்ட் பில் மறுபடியும் வந்திருந்தது.

அரையாண்டுத் தேர்வு முடிந்த மத்தியானம். விடைத்தாள் கட்டுகளைத் திருத்திக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பெலிண்டா நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

"நான் ஜனவரில இருந்து வரமாட்டேன் மேடம்."

அறிவுமதி சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாள். "லீவு எத்தனை நாளுக்கு?"

"லீவு இல்ல. மேகனா மேடம் ஸ்கூல்ல கூப்பிட்டாங்க. சரின்னுட்டேன்."

பக்கத்து அறையில் சத்துணவுப் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அறிவுமதி கைபேசியை எடுத்து பெலிண்டாவின் முன்னாலேயே மதுசூதனை அழைத்தாள்.

"சார், எங்க டீச்சரை உங்க ஸ்கூல்லயே எடுத்துக்கிட்டா நாங்க என்ன சார் பண்றது?"

மறுமுனையில் மதுசூதன் நிஜமாகவே சங்கடப்பட்டார். "எனக்கே நேத்திக்குத்தான் தெரியும் மேடம். ஸ்கூல் விஷயம் எல்லாம் மேகனாதான் பார்த்துக்கறா. நான் சொன்னேன், தர்மசங்கடமா இருக்குன்னு. அவ சொல்றா, நல்ல டீச்சர் கிடைக்கறதே கஷ்டம்னு. அதுவும் வாஸ்தவம்தானே?"

"பப்ளிக் வரைக்குமாவது விடச் சொல்லுங்க சார். மார்ச் வரைக்கும்."

"எங்க ஸ்கூல் குழந்தேளுக்கும் மார்ச்லதான் போர்டு எக்ஸாம்." கொஞ்சம் தயங்கினார். "நீங்க வேற ஒரு டீச்சரைப் போட்டுக்கோங்கோ. பணம் நான் குடுக்கறேன், அதுல மாத்தமில்லை. எழுத்தைக்கூட மாத்த வேண்டாம் பாருங்கோ. ஆசிரியைன்னு பொதுவாத்தானே போட்டிருக்கு."

அறிவுமதி கைபேசியை வைத்தாள். டிசம்பர் கடைசியில் இயற்பியல் படித்த எந்த ஆசிரியை வேலை தேடி வருவாள்? வருகிறவள் பாடத்தில் எங்கிருந்து தொடங்குவாள்? பெரிய திரையில் வீடியோ போட்டுக் காட்டலாம். கரண்ட் இருக்கிறபோது போட்டுக் காட்டலாம். வீடியோவிடம் யாழினி கேள்வி கேட்க முடியாது. ஆய்வுக் கூட்டத்தில் மறுபடியும் எழுந்து நிற்கச் சொல்வார்கள். நிற்பதுகூடப் பெரிதில்லை. தொட்டியத்திலிருந்து ஒருநாள் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து, "எம் பொண்ணை அந்த ஸ்கேன் படிப்புல சேர்க்கலாம்ல மேடம்?" என்று கேட்டுப் போன யாழினியின் அப்பாவை இனி எப்படிப் பார்ப்பது?

பெலிண்டா கிளம்பினாள். அறிவுமதி கூடவே நடந்தாள். கேட்டைத் தாண்டி, பூக்கடைகளைத் தாண்டி, ஒன்றாம் நம்பர் பஸ் நிற்கிற இடம்வரை வந்தார்கள். வைகுண்ட ஏகாதசிக்குக் கட்டியிருந்த மூங்கில் தடுப்புகளால் பஸ் நிறுத்தத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள்.

"பணம்னா சொல்லுங்க பெலிண்டா," என்றாள் அறிவுமதி. "நான் என் சம்பளத்துல இருந்து போடறேன். அவங்க எவ்வளவு கூடத் தராங்களோ அதை நான் தரேன். யாருக்கும் தெரிய வேண்டாம். மார்ச் வரைக்கும். யாழினிக்காக."

"பணம் அதிகம் இல்ல மேடம். இங்க தர்றதுதான் அங்கயும்."

"அப்போ தூரமா? புதூர்ல இருந்து தில்லைநகர் பக்கம்தான், தெரியும்."

"ஒரு பஸ் மிச்சம். அதுக்காக இல்ல."

"பிள்ளைங்க மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"பிள்ளைங்க மேல எனக்கு என்ன கோபம் மேடம்? யாழினிக்கு நோட்ஸ் எல்லாம் எழுதிக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். பஸ் செலவுக்கு மட்டும் நீங்க பார்த்துக்கங்க."

"அப்புறம் ஏன்? என்கிட்டச் சொல்லுங்க. நான் என்ன குறை வச்சேன்?"

பஸ் வந்துவிட்டது. கூட்டம் முண்டியது. பெலிண்டா படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அங்க சுவத்துல எழுத மாட்டாங்களாம் மேடம். அதை முதல்ல கேட்டுக்கிட்டுத்தான் சரின்னு சொன்னேன்."